ஊசி போட்ட மாட்டின் ஜோடி

எங்களுக்கு ஒரு மாடு, சென்னப்பனுக்கு ஒரு மாடு. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டித்தான் இரு வீட்டு நிலத்தையும் உழுதோம். ஒன்று போனால் ஏர் நிற்கும். ஏர் நின்றால் அந்த வருஷம் ராகி இல்லை.

சூளகிரிப் பக்கம் வெக்கை நோய் கண்டு மாடுகள் சாவதாகப் பேச்சு வந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சர்க்கார் மாட்டு டாக்டர் ஊசியோடு வந்து ஊர்ப் புளியமரத்தடியில் காத்திருந்தார். ஒருவரும் மாட்டை அவிழ்க்கவில்லை. அவரவர் அடுத்தவர் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சந்தைக்குச் சந்தை மாடு ஓட்டும் மெஹபூப் பாஷா என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "திம்மராயா, மாலூர் பக்கம் கண்ணால பார்த்தன். ஊசி போட்டது நிக்குது. போடாதது வுழுது. போட்டுடு."

"நம்ம மாடு செத்தா பாய்க்கு என்ன? இன்னொண்ணு விப்பாரு," என்று சென்னப்பன் சிரித்தான்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். ஊரில் அது ஒன்றுதான் ஊசி போட்டுக்கொண்டது.

காய்ச்சல் வந்து போகும் என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் கிளம்பினார். வந்தது, போகவில்லை. மாடு தீனிக்குப் போட்ட சோளத்தட்டையைத் தொடவில்லை. காதைத் தொட்டால் கொதித்தது. ஊரே ஏதோ வேலை இருப்பதுபோல எங்கள் கொட்டகை வழியாக நடந்தது.

"நல்லா இருந்த மாட்டுக்கு வெக்கையக் குத்தி வெச்சிட்டாங்க," என்றாள் அடுத்த வீட்டுப் பூவம்மாள்.

சென்னப்பன் வந்து தன் மாட்டை அவிழ்த்தான். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. குருபரப்பள்ளியில மச்சான் ஊட்ல கட்டிட்டு வர்றன். அங்க யாரும் ஊசி போடல."

"காய்ச்சல் போயிடும்னு டாக்டரு சொன்னாருடா," என்றார் இவர்.

"சாவப்போறது அவரு மாடாண்ணா?"

அதன்பின் இவருக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டின் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். காய்ந்தே கிடந்தது.

ஒரு காலை, "ஏய், மூக்கு நனைஞ்சிருக்குதுடி!" என்று கத்தினார். ஓடிப் போனேன். தட்டை கடிபடும் சத்தம் கேட்டது. அவர் இல்லாத இந்த வீட்டில் அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மாட்டைக் கூட்டிவரச் சொல்லிச் சென்னப்பனுக்கு ஆள் அனுப்ப இருந்தோம். அதற்குள் அவனே வந்தான், தனியாக. மூக்கணாங்கயிறு தோளில் கிடந்தது. குருபரப்பள்ளியில் மச்சான் கொட்டகைக்கும் வெக்கை வந்துவிட்டிருந்தது.

டாக்டர் மறுபடி வந்தபோது புளியமரத்தடியில் மாடுகளுக்கு இடமில்லை. சென்னப்பன் ஊரார் மாடுகளின் கொம்பை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தான்.

மழை விழுந்ததும் இவர் பூவம்மாளிடம் ஜோடிக்கு மாடு கேட்டார்.

"ஊசி போட்ட மாடுதான? கட்டிக்க. மொத உழவு யாரு நெலம்?"

"சென்னப்பனுது."

ஏர் இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கள் மாடு நின்று, பக்கத்து மாட்டை முகர்ந்து பார்த்தது. வரப்பில் இருந்த சென்னப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.