டாக்டர் வீட்டு மேடையில் மூன்று விரல்

அன்று காலை அந்த ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். மிதவை மேடை கட்டும் குடும்பத்தின் பெரியவர், வாடிக்கையாளர்கள்கூடச் சித்தப்பா என்றே கூப்பிடும் அவருடைய தம்பி, பெரியவரின் ஒரே மகள், கரையோர வீட்டுக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர், டாக்டரின் மனைவி. ஆறாவதாகத் தானும் இருந்ததாக யாராவது சொன்னால், அவர் சொல்லும் மற்றதையும் நம்ப வேண்டியதில்லை.

டாக்டர் வீட்டுத் தோட்டம் முடிகிற இடத்தில் ஏரி தொடங்குகிறது. அங்கே இருபதடி நீளம், பத்தடி அகலத்தில் பிளாஸ்டிக் பீப்பாய்களின்மேல் பலகை அடித்து, படகைக் கட்டிவைக்க ஒரு மேடை மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். நாற்பது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு இதுதான் தொழில். நான்கு மூலையும் மட்டமாக நின்ற பிறகுதான் குடும்பப் பெயர் வெட்டிய பித்தளைத் தகட்டைப் பலகையில் திருகுவார்கள். தகடு இல்லாமல் அவர்கள் ஒப்படைத்த மேடை ஒன்றுகூடக் கிடையாது. இந்த மேடைக்குத் தொடக்கம் முதல் எடைக் கணக்குப் போட்டவள் மகள். அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது.

பெரியவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தனியாக வந்து, குடும்ப வழக்கப்படி கழுத்தளவு இறங்கி, தாடையைத் தண்ணீரில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வெளிமூலை மூன்று விரல் தூக்கியிருந்தது. பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னால் முகம் வாடிவிடும். டாக்டர் கண்ணில் பட்டால் குடும்பப் பெயர் போய்விடும். கரையில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் ஒன்றை எடுத்து, அந்த மூலைக்கு அடியில், வெளியே தெரியாதபடி கட்டினார். ஒரு விரல் இறங்கியது. இரண்டாவது மூட்டையில் கை வைத்தபோது தோட்டத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. வேட்டியைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

காலையில் வந்து பார்த்தால் மேடை மட்டமாக நின்றது. மீதி இரண்டு விரல் எங்கே போயிற்று என்று அவருக்குப் பிடிபடவில்லை. தானே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மகள்தான் ஸ்கேலும் கையுமாகத் தண்ணீரில் நின்று விழித்தாள். "அப்பா, இது இப்ப மட்டமா இருக்கக் கூடாதே."

"கேட்டீங்களா அண்ணே, மட்டமா இருந்தா குத்தமாம்" என்றார் சித்தப்பா.

"படகுச் சாமான் பெட்டி வந்தப்புறம்தான் சித்தப்பா மட்டமாகணும். அந்த மூலையில பெட்டி வருதுன்னுதான் மூணு விரல் தூக்கி வச்சேன். வரைபடத்துல எழுதியிருக்கேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்களே."

அண்ணனும் தம்பியும் ஏரியைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டது உண்மைதான். படித்ததாக யாரும் சொல்லவில்லை.

"பெட்டியை நடுவுலதானேம்மா வைப்போம்?" என்றார் பெரியவர்.

"நடுவுல நாற்காலி போடணும். ஓரமா வைக்கச் சொன்னது நான்தான்" என்றார் டாக்டரின் மனைவி.

அந்த இரும்புப் பெட்டியை நான்கு பேராகத் தூக்கி வெளிமூலையில் வைத்துவிட்டு இறங்கினார்கள். மேடை தயங்கியது, பிறகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. மகள் அளந்தாள். சரியாக மூன்று விரல் தாழ்வு.

அப்புறம் ஒரு மணி நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பீப்பாயில் நீர் புகுந்திருக்குமோ என்று சித்தப்பா ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் காலியாகவே ஒலித்தன. மகள் கரையில் உட்கார்ந்து நோட்டில் மூன்று தரம் கணக்குப் போட்டாள். மூன்று தரமும் ஒரே விடை.

"ஏரியே ஒரு பக்கமா சாஞ்சிருக்குமோ?" என்றார் டாக்டர்.

"ஏரி சாயாதுங்க. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் மனைவி.

பெரியவரின் குழப்பம் வேறு. தன் மூட்டை ஒரு விரலுக்குத்தான் பதில் சொல்லும். மற்ற இரண்டு விரல் பெண்ணுடைய பிசகுதான் என்றால், தன் மூட்டையைச் சபையில் ஏன் அவிழ்க்க வேண்டும்? பேசாமல் இருந்துவிடலாம் என்றே நின்றார்.

மகள் நோட்டை மூடினாள். பித்தளைத் தகட்டைத் துணியில் சுற்றினாள். "தகட்டை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாம்பா. என் கணக்குதான் எங்கயோ இடறியிருக்கு."

பெரியவர் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றவில்லை. சலவைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கி, வெளிமூலைக்கு அடியில் கையை விட்டு, மூட்டையை அவிழ்த்துக் கரையில் போட்டார்.

"இது என் வேலை. நேத்து சாயங்காலம் கட்டினேன்" என்றார்.

மகள் மூட்டையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். போய் அளந்துவிட்டு வந்தாள். "ஒரு விரல்தான் ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு இருக்கேப்பா."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணே, அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும், பாருங்க."

"உனக்கு யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. கட்டினதே நான்தான். ரெண்டு விரல் தூக்கியிருந்துச்சு, புள்ளை மனசு நோகுமேன்னு…"

அதுவும் வெளியே வந்தது. பெரியவரின் கை இன்னும் துழாவிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒரு மூட்டை தட்டுப்பட்டது. மெல்லிய நைலான் நூலில், வரிசையாகப் பொடிப்பொடி முடிச்சுகள்.

"இது நம்ம வீட்டு முடிச்சு இல்லையே."

டாக்டரின் மனைவி குனிந்து பார்த்தார். "தையல் போட்ட மாதிரில்ல இருக்கு. ஏங்க, நேத்து சட்டை நனைஞ்சு வந்தீங்களே, மீன் பார்க்கப் போனேன்னு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "முப்பது வருஷமா கோணல் பல்லைப் பாக்கறேன். கோணல் பலகை தெரியாதா எனக்கு?"

"தெரியுது டாக்டர். மூணு பேருக்கும் நல்லாவே தெரியுது" என்றாள் மகள்.

மூன்றாவது மூட்டை வெளியே வந்ததும் மேடை நிமிர்ந்து நின்றது. ரசமட்டத்தை வைத்துவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். குமிழி நடுவில் நின்று அசையவில்லை. பெரியவர் ஈரச் சட்டையோடு வரைபடத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். படித்து முடித்து, துணியைப் பிரித்துத் தகட்டை மகளிடம் நீட்டினார். அவளே திருகினாள்.

இப்போது அக்கரையில் ஒரு பேச்சு உலவுகிறது. பெண் கணக்குப் போட்டுக் கட்டிய மேடை முதல் நாளே முழுகிவிட்டதாம், அப்பா குதித்துத் தூக்கி நிறுத்தினாராம். மேடை முழுகவில்லை. ஒரு மூலை மூன்று விரல் தாழ்ந்தது, மூன்று மூட்டைகளை அவிழ்த்ததும் மட்டமானது. கணக்கு அவளுடையது, மூட்டைகள் மற்றவர்களுடையவை. பெரியவர் குதிக்கவும் இல்லை. படி வழியாக நடந்து இறங்கினார்.