பதினொன்றாம் வகுப்புத் துணி

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. அடுப்பில் பூனை தூங்கினாலும் வந்தவர் முன்னால் மூச்சு விடமாட்டார்கள். முன்வாசலில் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, பின்வாசல் வழியாக இன்னொருவர் பக்கத்து வீட்டில் கடன் கேட்க ஓடுவார். நல்ல குணம்தான். ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கே உலை வைக்கும் என்று யார் கண்டது?

அன்று காலையிலிருந்து தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்வித்துறை அதிகாரி வருகிறார்! ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அவள் மகள் பத்தாவது தேறிவிட்டு வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். படிப்பில் சூரப்புலி, வாயிலும்தான்.

"காஜா எடுக்கறதுக்கு எதுக்கும்மா நான் அல்ஜீப்ரா படிச்சேன்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் தையல்காரி மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

வசதியில்லாத பள்ளிகளுக்கு முதலில் புதுக் கட்டடம், கூடவே பதினொன்றும் பன்னிரண்டும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. தலைமை ஆசிரியை விடாப்பிடியாக மனு மேல் மனு போட்டார். கூரை ஒழுகுகிறது, சுவர் பிளந்திருக்கிறது, பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். அத்தனையும் சத்தியம். அதைக் கண்ணால் பார்க்கத்தான் அதிகாரி வருகிறார். அவருக்கு வழி தெரியாதென்று, அழைத்துவர ஆசிரியை முந்தின நாளே நகரத்துக்குக் கிளம்பிவிட்டார். "எல்லாரும் வந்து நில்லுங்க, அது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அது போதுமா நம்மவர்களுக்கு? பந்தல்காரர் வண்டி நிறைய நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். டீக்கடைக்காரர் கடையிலிருந்த பெஞ்சுகளையெல்லாம் தூக்கி வந்துவிட்டார். அங்கே வாடிக்கைக்காரர்கள் நின்றபடியே குடித்தார்கள். யார் வீட்டுக் கடிகாரமோ சுவரில் ஏறியது. யார் வீட்டு மின்விசிறியோ மேஜையில் சுழன்றது. கூரையின் ஓட்டை தெரியாமல் பந்தல்காரர் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். பின்சுவரை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதன் பிளவில் ஒரு கை தாராளமாக நுழையும்.

பந்தல்காரர் தையல்காரிக்குக் கொழுந்தன். "அண்ணி, இந்தச் சுவரு பல்லை இளிக்குது. ஒரு திரை தச்சுப் போட்டு மானத்தைக் காப்பாத்துங்க" என்றார்.

அத்தனை நீளத்துக்கு அவளிடம் இருந்தது ஒரே துணி. நல்ல நீலம். பதினொன்றாம் வகுப்புச் சீருடைக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாள். வகுப்பே வரவில்லை, துணி வந்துவிட்டது. "பிள்ளை பொறக்கும் முன்னாடியே பேரு வெச்சுட்டா" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே! வெட்டுவதற்கு மனம் வராமல், முழுத் துணியையும் அப்படியே மடித்து ஓரம் தைத்தாள்.

"அம்மா, அது என் துணி" என்றாள் மகள்.

"வகுப்பு வந்தாத்தானேடி உனக்குத் துணி? முதல்ல சுவத்துக்குக் கட்டுவோம், அப்புறம் உனக்கு."

ஜீப் வந்தது. ஊரே வாயெல்லாம் பல்லாக நின்றது. இறங்கி உள்ளே வந்த ஆசிரியையின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறிக் காற்றில் அவர் தலைமுடி பறந்தது. மேலே பார்த்தார், வெள்ளை. பின்னால் பார்த்தார், நீலம்.

"டீச்சர், கூரை ஒழுகுதுன்னு எழுதியிருந்தீங்களே?"

ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "ஒழுகுதா? இங்கயா? உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல சார்!"

"சார், நேத்து வரைக்கும் இதெல்லாம்..." என்று தொடங்கினார் ஆசிரியை.

அதிகாரி எழுந்தேவிட்டார். "பொய் மனு போட்டு என்னை இவ்வளவு தூரம் வரவெச்சிட்டீங்க டீச்சர். நிஜமாவே இல்லாதவங்க எத்தனையோ பேர் காத்துக்கிட்டிருக்காங்க. கட்டடம் அவங்களுக்குப் போகட்டும்."

ஐயோ, இது என்ன கூத்து! தையல்காரி வாசலைப் பார்த்தாள். அங்கே நின்ற மகள் அந்த நீலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தாள். தன் கையால் தைத்த திரை நேராக, அழகாக, ஒரு சுருக்கமில்லாமல் அங்கே தொங்கியது. அந்த அழகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே ஓட்டமாக ஓடித் திரையைப் பிடித்து இழுத்தாள். ஆணி விடவில்லை, துணி விட்டது. பர்ரென்று ஓரம் கிழிந்து திரை விழுந்தது. பிளவு வழியாக வெளிச்சம் பாய்ந்தது. அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது.

"இதுதான் சார் எங்க பள்ளிக்கூடம்! திரையைத் தச்சது நான். பொய்யின்னா அது என் பொய். டீச்சர் எழுதினதெல்லாம் நிஜம்!"

பிறகு கொழுந்தன் தொண்டையைக் கனைத்தார். "மேல கட்டினது நான்தான் சார்" என்று கயிற்றை அவிழ்த்தார். வெள்ளைத் துணி சரிய, கூரையில் வானம் தெரிந்தது.

அவ்வளவுதான், கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. "பெஞ்சு நம்ம கடையோடது சார்!" "கடிகாரம் எங்களோடது!" "ஃபேனு எங்க வீட்டுது, அத்தை அங்க வேர்த்து வடிஞ்சு உக்காந்திருக்காங்க!" மானத்தை மூடியபோது இருந்த வேகத்தைவிடத் திறந்தபோது இருந்த வேகம் அதிகம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வழக்கம்போலத் தரைக்கு வந்துவிட்டார்கள், அதுவும் கும்மாளத்தோடு.

அதிகாரி திகைத்துப்போய் மறுபடியும் உட்கார்ந்தார். "அப்போ இந்த நாற்காலி?"

பந்தல்காரர் தலையைச் சொறிந்தார். "அதுவும் நம்மளோடதுதான் சார். நீங்க உக்காருங்க, ஒண்ணும் அவசரமில்ல."

அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரருகே போய்ப் பிளவில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது. "ஏம்மா மறைச்சீங்க?"

"வந்தவங்ககிட்ட வீட்டுக் கிழிசலைக் காட்டுவோமா சார்?"

"நான் வந்ததே கிழிசலைப் பாக்கத்தானேம்மா!" ஆசிரியையிடம் திரும்பிக் கை கூப்பினார். "மன்னிச்சிடுங்க டீச்சர். கட்டடம் உங்களுக்குத்தான். ஆனா எழும்பி வர ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் பதினொன்னாம் வகுப்பை எங்க வெப்பீங்க?"

"பந்தல்காரன் நான் எதுக்கு சார் இருக்கேன்? கொட்டகை போட்டுத் தர்றேன்!"

"பெஞ்சு இங்கயே கிடக்கட்டும், திருப்பிக் கேக்கமாட்டேன்!" என்றார் டீக்கடைக்காரர்.

"அப்ப அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம். வாத்தியாருங்களை அனுப்பறது என் பொறுப்பு."

எழுந்த கூச்சலில் ஆடு மிரண்டு ஓடியது. தலைமை ஆசிரியை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தையல்காரிக்கு அழுவதா சிரிப்பதா என்றே புரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

மகள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து கீழே கிடந்த நீலத் துணியை எடுத்து உதறினாள். "இவ்வளவு கிழிச்சு வெச்சிருக்கியேம்மா, இதை எப்படிப் போட்டுக்கறது?"

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள்.

"இந்தக் கிழிசலை மட்டும் மறைச்சுக்கறேன். கையைத் தூக்குடி."