காற்று போன வழி

அண்ணன் என் மெஷினை விலை பேசிவிட்டான். சாயங்காலம் லாரி வரும் என்று காலையில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான், ஏதோ பழைய பேப்பரை எடைக்குப் போடுவதுபோல. எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளர் பறந்திருக்கும். அண்ணி குறுக்கே வந்ததால் பிழைத்தான்.

எங்களுடையது பிளாஸ்டிக் பாட்டில் தொழிற்சாலை. தூக்கிப்போட்ட பாட்டில்களை உருக்கிப் புதுப் பாட்டிலாக்கும் மெஷினை நான்தான் அடம்பிடித்து வாங்க வைத்தேன். வந்த நாளிலிருந்து அது மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதை ஓட்டக் கரண்ட் இல்லை. இருப்பதில் பாதியை, பாட்டிலை ஊதி உப்பவைக்கும் காற்றை இறுக்கி அடைத்தே இரண்டு கம்ப்ரசர்கள் தின்றுவிடுகின்றன. கூடுதலாகத் தர வழியில்லை என்று கரண்ட் ஆபீசில் கைவிரித்துவிட்டார்கள்.

ஒரு கம்ப்ரசரை நிறுத்திக் காட்டினால் மெஷின் இங்கேயே இருக்கலாமா என்று கேட்டேன். நிறுத்தினால் பார்க்கலாம் என்றான். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

சாப்பாட்டு வேளையில் எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொன்னேன். பின்பக்கக் கொட்டகையில் கம்ப்ரசர்கள் மட்டும் ஓடின. அப்போதுதான் கேட்டது, கூடம் முழுக்க 'ஸ்ஸ்ஸ்' என்று. இத்தனை வருஷம் மெஷின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த சத்தம். சோப்பைக் கரைத்துக் காற்றுக் குழாய்களில் தடவினோம். நுரை பொங்கிய இடத்திலெல்லாம் ஓர் ஊசித்துளை. ஒவ்வொரு மெஷினிலும், ஆள் நிற்கிற இடத்தில், சொல்லிவைத்த மாதிரி முகத்துக்கு நேரே!

எல்லோரும் திருதிருவென விழித்தார்கள். மூடி மாட்டுகிற பெண்தான் வாயைத் திறந்தாள்.

"வேகுதுக்கா. கொஞ்சம் காத்துக்காக நாங்களே குத்திக்கிட்டோம்."

கத்தத்தான் நினைத்தேன். ஆனால் உருக்கும் சூடு என் கன்னத்திலும் அடித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சீறல் அண்ணன் அறையிலிருந்து வந்தது. பீரோவை நகர்த்தினோம். சுவரைத் துளைத்து வந்த குழாய் ஒன்று அவன் நாற்காலியைக் குறிபார்த்து ஊதிக்கொண்டிருந்தது.

"ஏசி ரிப்பேரானப்ப போட்டது," என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டே. "மறந்தே போச்சு."

கூடமே சிரித்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆளுக்கொரு மின்விசிறி எடுத்து வரச் சொல்லி அண்ணனையே வாடகைக் கடைக்கு விரட்டினேன். விசிறிக்கு எவ்வளவு கரண்ட் ஆகிவிடும்? கம்ப்ரசர் காற்றில் விசிறிக்கொள்வது பன்னீர் ஊற்றித் தரை கழுவுகிற வேலை. அவன் திரும்புவதற்குள் ஓட்டைக் குழாய்களை வெட்டிப் போட்டுப் புதியவற்றை மாட்டினோம். அவன் அறைக் குழாயை நானே அடைத்தேன், ஆசை தீர.

மெஷின்களெல்லாம் மறுபடி ஓடின. கம்ப்ரசர் பார்க்கும் சித்தப்பாவிடம், ஒன்றை நிறுத்துங்கள் என்றேன். அவருக்குக் கை வரவில்லை.

"அழுத்தம் குறைஞ்சா அத்தனை பாட்டிலும் சப்பிப்போயிடும்மா."

"நிறுத்துங்க சித்தப்பா."

நிறுத்தினார். அழுத்தம் காட்டும் முள் துடித்தது. இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. வரிசையில் வந்த பாட்டில்கள் கொழுகொழுவென்று வந்துகொண்டே இருந்தன. சித்தப்பா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் மெஷின் சூடேறிக்கொண்டிருக்கும்போதே வாசலில் லாரி ஹாரன் கேட்டது. டிரைவருக்கு அண்ணி டீ கொடுத்து உட்கார வைத்தாள். முதல் பாட்டில் கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். அண்ணன் பக்கத்திலேயே நின்றான். மூன்றாவது நேராக நின்றது.

அவன் அதை எடுத்து, சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றி ஆற்றிக்கொண்டே வாசலுக்குப் போனான். டிரைவர் கையில் கொடுத்தான்.

"இதை உங்க முதலாளிகிட்ட குடுத்துடுங்க. மெஷினை என் தங்கச்சி தரமாட்டேங்கிறா."

நான் எங்கே சொன்னேன்? நான்தான் நாலாவது பாட்டில் வருகிறதா என்று மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேனே.