சுவர் இல்லாத இடத்தில் சுவர்

ஒரு வீட்டில் அக்காள் தங்கை இரண்டு பேர். பெரியவள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவள். சின்னவளுக்கு நகராட்சி வரைபட அலுவலகத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "ஊர் கட்டுறேன்" என்பாள். செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரைகளின் ஓரக்கோடு இருக்கும். எது எத்தனை மாடி என்ற கணக்கும் இருக்கும். இரண்டையும் கணினிக்குக் கொடுத்தால் போதும், மழைக்கு முளைத்த காளான்கள் மாதிரி திரையில் கட்டடங்கள் தாமாக எழும்பி நிற்கும். அந்தத் தெருக்களில் நடந்தும் பார்க்கலாம், கண்ணே, கால் வலிக்காமல்.

ஆம்புலன்ஸ் நிலையம் ஒன்று புதிதாக வரப்போகிறது, எங்கே வைக்கலாம் என்று அந்தத் திரை ஊரைத்தான் கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி போய்ச் சேர எந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஆகிறதோ, அங்கே. பழைய துணி ஆலைக்குப் பின்பக்கம் என்று பதில் வந்தது. பெரியவள் வீடு அங்கேதான். அவள் கணவருக்கு நெஞ்சுவலி இரண்டு தடவை வந்து போயிருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி பெரியவளுக்கு.

முடிவைக் கூட்டத்தில் வைப்பதற்கு முந்தின நாள், சின்னவள் சும்மா இருந்தாளா? திரையிலேயே அக்காள் வீட்டுக்கு ஒரு நடை போனாள். ஆலையருகே ஒரு சுவர் மறித்தது. வாரா வாரம் ஸ்கூட்டரில் அவள் போகிற வழி அது. ஆலையின் இரண்டு கட்டடங்களை மேலே ஒரு பாலம் இணைக்கும், தெரு அதற்கு அடியில் போகும். மேலிருந்து பார்த்த படத்துக்குக் கூரைதான் தெரியும், அடியில் இருக்கும் வழி தெரியுமா? கணினி மொத்தத்தையும் தரை வரைக்கும் சுவராக இறக்கிவிட்டது. வண்டி ஊரைச் சுற்றிப் போவதாகக் கணக்குப் போட்டிருந்தது.

போனை எடுத்தாள்.

"அக்கா, ஆலைப் பாலத்துக்கு அடியில பெரிய வண்டி போகுமா?"

"குப்பை லாரியே போகுது. ஏன்டி?"

சுவர் பொய், கணக்கைத் திருத்தினால் நிலையம் வேறு பக்கம் போய்விடலாம் என்று சின்னவள் சொன்னாள்.

"உன்னை யாருடி அங்க போய் நடக்கச் சொன்னா?"

"அக்கா..."

"அந்த மனுஷன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தப்ப நான் தெருவுல நின்னு கத்தினேனே, அதை உன் மிஷின் பாத்துச்சா? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம பண்ணப் போறியா?"

"நான் மறைச்சா, வேற எவளோ தெருவுல நின்னு கத்துவாக்கா."

பெரியவள் போனை வைத்துவிட்டாள்.

சின்னவள் பாலத்துக்கு அடியில் வழி வெட்டினாள், கணக்கை மறுபடி ஓட்டினாள். பதில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் போய் நின்றது. மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊர்ல இன்னும் எத்தனை சுவர் இப்படிப் பொய்யா நிக்குதோ, எல்லாத்தையும் நடந்து பாரும்மா" என்றார். நிலையம் கேட்டுக்கு அப்பால் என்றே முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனாள். அத்தான்தான் கதவைத் திறந்தார்.

"வாம்மா, சுவரை இடிச்சவளே. உள்ள ஒரு சுவர் உக்காந்திருக்கு, முடிஞ்சா இடி."

பெரியவள் டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள்.

"அந்தக் கேட்டுக்கு அப்பால எவ்வளவு நேரமாம்?"

"கேட் மூடியிருந்தா, உங்களுக்கு ஆகறதைப் போல மூணு மடங்கு."

பெரியவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"எனக்குக் கோபம் போகல."

"தெரியும்."

"வண்டியைத்தான் அந்தப் பக்கம் அனுப்பிட்ட. நீயாவது வா. மாடி காலியா கிடக்கு. இவருக்கு ஒண்ணுன்னா கைகொடுக்க ஒரு ஆள் வேணும்."

அக்காளோடு ஒரே கூரையின் கீழா? அந்த வாய்க்குப் பயந்து எத்தனை வருஷம் தட்டிக்கழித்தவள் அவள்! அத்தான் பாவமாகப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லும்மா. என் நெஞ்சு அதுவரைக்கும் தாங்கும்."

சின்னவள் எழுந்து போய் மாடிப்படியைப் பார்த்தாள். திருப்பம் குறுகல். ஆளை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கினால் இடிக்கும்.

"அத்தானோட கட்டில் கீழயேதான் இருக்கணும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "மேல நான் இருந்துக்கறேன். மாடியில கிடக்கற அந்தப் பழைய பீரோவை மட்டும் எடுத்துடு."

"பீரோவை எடுக்க முடியாது" என்றாள் பெரியவள். "வேணும்னா ஓரமா தள்ளிக்கோ."