பெயர் கீறாத மண்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டினார்கள். கட்டியவள் சூளையக்கா. எங்கள் கைவினைக் கூடத்தில் மின்சூளையின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அதனால் ஊருக்கெல்லாம் அவள் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்த எனக்கும் அக்காதான்.

போன வாரம் மண் ஒட்டிய தட்டுகளைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

"அம்மா, வியாழக்கிழமையானா கதை சொல்றீங்கல்ல. இதையும் ஒரு கதையா எழுதிட்டு வந்து படிச்சிடுங்க. அந்தத் தையக்காரரும் உக்காந்திருப்பாரு. கேட்டுக்கட்டும்."

"உன் வாயால சொல்ல வேண்டியதை என் வாயால சொல்லச் சொல்றியா?"

"எனக்கு வாய் வரலம்மா. உங்க வாய்க்குப் பழக்கம் இருக்கு."

ஒத்துக்கொண்டேன். இன்று திங்கள். வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்து எழுத வந்தவள் இல்லை. பேசிப் பேசி எழுத வந்தவள். ஆகவே தடுமாறுவேன். அடித்ததையும் அப்படியே விட்டுவைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "ஒரு தையல்காரர் இருந்தார், அவர் மனைவி…"

(வேண்டாம். முதல் வரியிலேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.)

இரண்டாம் தொடக்கம்: "மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்பார்கள்…"

(பொய். மண்ணுக்கு ஒரு ஞாபகமும் கிடையாது. இந்தக் கதையின் துக்கமே அதுதான்.)

மூன்றாவதாக, இடத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். இடத்தைச் சொன்னால் யாருக்கும் வலிக்காது.

கூடம் முன்பு டயர் கிடங்காக இருந்தது. மழை பெய்தால் இன்னும் ரப்பர் நாறும். ஒரு பக்கம் இரண்டு தறி, நடுவில் நீள மேசை, கடைசியில் சூளை. சனிக்கிழமை களிமண். வியாழக்கிழமை பிற்பகல் யார் வேண்டுமானாலும் வந்து எதையாவது பின்னிக்கொண்டோ பிசைந்துகொண்டோ இருக்கலாம், நான் கதை சொல்வேன். சுடாத பாத்திரங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் காயும். அடியில் ஆணியால் பெயரைக் கீறிவிட்டுப் போக வேண்டும். பெயர் இல்லாதவை மாதக் கடைசியில் தொட்டித் தண்ணீருக்குள் போகும். சுடாத மண் தண்ணீரில் கரைந்து சேறாகும். அதை வடித்து, உலர்த்தி, பிசைந்து மறுபடியும் எல்லோருக்கும் கொடுப்போம். யாருடைய குவளை யாருடைய தட்டாயிற்று என்று அப்புறம் கடவுளுக்கும் தெரியாது.

மண் வீணாகக் கூடாது என்பதற்காக நாங்களே கைதூக்கிப் போட்ட விதி அது. நானும் தூக்கினேன்.

3

இனி அந்த அம்மாள். தையல்காரரின் மனைவி. அவர் தைத்துப் போடும் துணிக்கெல்லாம் முப்பது வருடம் பொத்தான் துளை தைத்து காஜா எடுத்தவள்.

இவளைக் கொஞ்சம் சிரித்த முகமாக, கொஞ்சம் பாவமாக எழுதலாம் என்றுதான் பார்த்தேன். பிடிகொடுக்கவில்லை. முதல் சனிக்கிழமையே, "உங்களுக்கு என்னம்மா செய்யணும்? கப்பா, கிண்ணமா?" என்று சூளையக்கா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இது:

"அளவே இல்லாம ஒண்ணு செய்யணும். இஞ்சு டேப்பைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

ஐந்து சனிக்கிழமை செய்தாள். அது உருண்டையும் இல்லை, தட்டையும் இல்லை. ஒரு பக்கம் குழிவு, ஒரு பக்கம் புடைப்பு. மடித்துப் போட்ட துணி என்றால் துணி, சுருண்டு தூங்கும் பூனை என்றால் பூனை.

"என்னதும்மா இது?"

"எனக்கே தெரியலக்கா. அதுவா ஒருநாள் சொல்லட்டும்."

"சரி, அடியில பேரையாவது கீறிட்டுப் போங்க."

"பொறக்காத பிள்ளைக்கு யாராவது பேரு வெப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். அவள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஆறாவது சனிக்கிழமை வரவில்லை. ஏழாவதும் வரவில்லை.

மாதக் கடைசியில் சூளையக்கா பையைப் பிரித்தாள். காய்ந்து சுருங்கி, ஒரு ஓரம் விரிசல் விட்டு, அடையாளமே தெரியாமல் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள், பெயர் இல்லை. "இது யாரோடது?" என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பழகுவதற்காகப் பிசைந்த மண் என்று நினைத்துத் தொட்டியில் போட்டாள்.

கிண்ணமாக இருந்திருந்தால் கை நின்றிருக்கும், என்கிறாள் இப்போது. "ஒரு சாமானா தெரியலையேம்மா அது!"

(மெல்லிய பாத்திரம் கால்மணியில் கரைந்துவிடும். இது கெட்டிக் கட்டி. மறுநாள் பிற்பகல்வரை தொட்டியின் அடியில் நடுப்பகுதி கரையாமல் கிடந்ததாம். சூளையக்கா கோலால் கிண்டினாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள்.)

4

பதினோரு நாள் கழித்து அவர் வந்தார். கழுத்தில் இஞ்சு டேப், கையில் துணிப்பை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். இங்கே யாரும் கழற்றுவதில்லை.

"சனிக்கிழமை இங்க ஒருத்தங்க வருவாங்களே, காஜா எடுக்கறவங்க. என் வீட்டுக்காரி. போன மாசம் தவறிட்டா."

சூளையக்கா எழுந்து நின்றாள்.

"ஏதோ செஞ்சிக்கிட்டிருந்தா போல. முடியலைன்னாலும் பரவாயில்ல, அப்படியே குடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

"அது… என்னதுன்னு உங்ககிட்ட சொன்னாங்களா?"

"எங்க சொன்னா! கேட்டா, 'முடிஞ்சதும் பாரு, அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்'னுட்டா. கடைசியில திறக்கவே இல்ல."

சூளையக்காவின் வாய்வரை ஒரு 'இல்லை' வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "இருக்கு. இன்னும் சுடணும். ரெண்டு வாரம் கழிச்சு…"

(இல்லை. அடிக்கிறேன். இப்படி நடக்கவில்லை.)

5

அவர் வந்த அன்று நான் அங்கே இல்லாத மாதிரி எழுதிவிட்டேன். இருந்தேன். நீள மேசையின் கோடியில் நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

சூளையக்கா 'இல்லை' என்றுதான் வாயெடுத்தாள். உதடு பிரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்:

"இருக்கும்ப்பா, எங்க போயிடப் போகுது? இன்னும் சூளைக்குப் போகல. ரெண்டு வாரம் கழிச்சு வந்து வாங்கிக்கோ."

ஏன் சொன்னேன்? இத்தனை வருடமாகக் கதை சொல்கிறேன். யாரையும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியதில்லை. காட்டில் தொலைந்தவளுக்கும் விடிவதற்குள் ஒரு வழி வைத்துவிடுவேன். அந்த வாய்க்கொழுப்புதான். வாசலில் செருப்பில்லாமல் ஒரு மனுஷன் நிற்கிறான், அவனுக்கு ஒரு முடிவு தர வேண்டும் என்று நாக்கு தானாக ஓடிவிட்டது.

அவர் போனதும் சூளையக்கா என்னைப் பார்த்தாள். என்னிடம் ஏதோ திட்டம் இருக்கிறது என்று நம்பினாள். கதை சொல்கிறவளிடம் திட்டம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் பாவம்.

"கிண்ணமா செஞ்சிடு" என்றேன். "கிண்ணத்தை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவள் செய்தாள். நான் பக்கத்தில் நின்று, "இவ்வளவு நேர்த்தியா செய்யாதே, கத்துக்கிறவ செஞ்ச மாதிரி கோணலா இருக்கட்டும்" என்று வேறு சொன்னேன். பழகிய கைக்குக் கோணல் வரவில்லை. மூன்று கிண்ணத்தை நசுக்கிப் போட்ட பிறகுதான் நாலாவது போதுமான அளவுக்கு மோசமாக வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அளவே இல்லாமல் ஒன்று செய்ய ஆசைப்பட்டவள் பெயரில் ஒரு கால்படிக் கிண்ணம்.

6

அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிப்பக்கம் விரல் அழுத்திய பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

"இங்கெல்லாம் அவ கை இருந்திருக்கு" என்றார். பிறகு, "நானும் சனிக்கிழமை வரலாமா? இதுக்கு ஜோடியா ஒண்ணு செஞ்சு வைக்கணும்."

வந்தார். வியாழக்கிழமையும் வர ஆரம்பித்தார். கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார், எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்வார், ஒன்றும் சரியாக வராது.

(இங்கே ஓர் அழகான வரி எழுதியிருந்தேன். தொட்டி மண்ணைத்தானே அவரும் பிசைகிறார், ஆகவே அவருக்கே தெரியாமல் அவள் செய்ததுதான் அவர் கைக்குள்… அடித்துவிட்டேன். ஆறுதல் மாதிரி இருக்கிறது. யாருக்கு ஆறுதல்? எங்கள் இருவருக்கும்தான்.)

ஒருநாள் சூளையக்காவின் கையுறை கருகி ஓட்டையாகியிருப்பதைப் பார்த்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா நெருப்புல கை விடறீங்க? குடுங்க கையை."

"அட, விடுங்க அண்ணே."

"குடுங்கன்னா."

டேப்பை எடுத்தார். உள்ளங்கை, ஒவ்வொரு விரலின் நீளம், சுற்றளவு. சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். சூளையக்காவின் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும்.

"இது எப்படி?"

"சின்ன வயசுல கதவுல மாட்டினது."

அந்த விரலை மட்டும் இரண்டு முறை அளந்தார். பிறகு நோட்டை மூடினார்.

அடுத்த வாரம் தடித்த துணியில் புதுக் கையுறை வந்தது. "அளவெடுத்தாப்பல இருக்கே!" என்றாள் இவள். "அளவெடுத்துத்தானே தைச்சேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரத்திலிருந்து அவர் கிண்ணத்தைக் கொண்டுவருவதில்லை.

இதைச் சூளையக்கா கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்னை எழுதச் சொல்லியிருக்க மாட்டாள். நானும் கவனிக்கவில்லை. இந்தப் பத்தியை எழுதி வரும்போதுதான், அந்த வளைந்த சுண்டுவிரலை எழுதும்போதுதான், எனக்குப் பிடிபட்டது. கிண்ணத்தின் பள்ளங்களில் ஐந்தாவது பள்ளம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். முப்பது வருடம் ஒருத்திக்குச் சட்டை தைத்தவருக்கு அவள் விரல் தெரியாதா?

7

ஆக, வியாழக்கிழமைக்கு முடிவு வேண்டும்.

ஒன்று: நான் படிக்கிறேன். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். சூளையக்காவின் பாரம் இறங்குகிறது. அவருக்கு வியாழனும் இல்லை, சனியும் இல்லை.

இரண்டு: நான் படிக்கிறேன். "தெரியும்மா" என்கிறார் அவர். மூன்று பேரும் அழுகிறோம். இதை எழுதும்போது பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை.

மூன்று: நான் படிக்கவில்லை. வேறு கதை, ராஜா ராணி கதை ஏதாவது சொல்கிறேன். சூளையக்கா என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள்.

நான்காவதாக ஒன்று தொடங்கினேன்: "அவருக்குத் தெரியும் என்றால், தெரிந்தும் ஏன் வாராவாரம்…"

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. மன்னித்தவர் வரலாம். தண்டிக்கிறவரும் வரலாம். வீட்டில் சும்மா உட்கார முடியாதவரும் வரலாம். இவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும்? அவர் கழுத்து டேப்பும் அவர் கழற்றிவிட்ட செருப்பும் தெரியும், அவ்வளவுதான்.

8

வியாழன், பிற்பகல். இதைக் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நேரத்தோடு வந்துவிட்டேன். இன்னும் ஆள் சேரவில்லை. சூளையக்கா குழாயடியில் நிற்கிறாள். என் பையில் காகிதம் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

அவர் எனக்கு முன்பே வந்திருக்கிறார். கீழ்த்தட்டுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். அலமாரியை ஒழுங்குபடுத்துவதாகச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுக்கிறார், துணியால் தூசி துடைக்கிறார், கவிழ்த்து அடியில் பார்க்கிறார், திரும்ப வைக்கிறார். அடுத்ததை எடுக்கிறார். இரண்டு மாதமாக இவர் அலமாரி அடுக்குவதைப் பார்த்து, "எவ்வளவு பொறுப்பான மனுஷன்" என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

பையில் சுற்றியிருப்பதையெல்லாம் பிரித்தும் பார்க்கிறார். அடுக்கவில்லை, தேடுகிறார்.

கடைசித் தட்டு முடிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சூளையக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அம்மா, இவ்வளவுதானா? வேற அலமாரி எதாவது இருக்கா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூளையக்கா அதை நிறுத்தவில்லை.

இதுவரை படித்து வந்த என் பிள்ளைகளே, ஒருமுறை இந்த இடத்தில் நான் முந்திக்கொண்டு பேசி என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு முறை பேச என் வாயை நான் நம்பவில்லை. அந்தத் தட்டில் என்ன இருந்தது, எங்கே போயிற்று, நடுப்பகுதி எத்தனை நேரம் கரையாமல் கிடந்தது, எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். காகிதமும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். கேட்டது உங்களைத்தான்.