மாக்கிறட் பார்க்கப் போன காட்சி

“இரண்டாயிரத்து ஐம்பதாம் ஆண்டின் மூன்று காட்சிகள் காட்டப்படும்.” மீனவப் பெண்கள் கூட்டத்துக்கான இந்த அறிவித்தலை வாசித்ததும் அரிப்புக் கிராமத்து மாக்கிறட்டுக்கு நெஞ்சு படபடத்தது. காட்சி என்றால் அவளுக்குத் தெரிந்தது மாதா கொடுக்கும் காட்சிதான். செபமாலையும் கையுமாக வந்து முன்வரிசைக் கதிரையில் குந்திவிட்டாள்.

மாதாவாவது மண்ணாவது! நிருஷா என்றொரு பெட்டை திரையில் மூன்று கோடுகளைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“மூண்டு விதமாப் போகலாம் அக்கா. காசு வர வர டீசலையும் கூட எரிச்சா காபன் புகையும் ஏறும், கடலும் ஏறும். அவரவர் தன்பாட்டில போனா வறுமையும் போகாது, புகையும் போகாது. சேர்ந்து செய்தா வருமானம் ஏறும், புகை இறங்கும்.”

“இதில எது நடக்கும்?” என்று மாக்கிறட் கேட்டாள்.

“அது எங்கட கையிலதான் அக்கா இருக்கு.”

“நல்ல காட்சி! முடிவு தெரியாமலோ எங்களைக் கூப்பிட்டனீ?”

சபை கொல்லென்று சிரித்தது. மாக்கிறட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐஸ் இல்லாமல் அவளுடைய மீன் பழுதாகிக்கொண்டிருந்தது. டீசல் ஐஸ் மிசினை அரிப்புப் பெண்கள் தனியாகவே வாங்கலாம். ஆனால் உழைப்பெல்லாம் டீசலுக்கே போய்விடும். வெயிலில் ஓடும் பெரிய மிசினை ஒரு நிறுவனம் சும்மா தருகிறது. அதற்குப் பக்கத்து ஊரான சிலாவத்துறைப் பெண்களும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும், அதுவும் இன்றைக்கே. அவர்களின் தலைவி நூர்ஜஹானோடு, வலை அறுந்த சண்டைக்குப் பிறகு, மாக்கிறட் முகங்கொடுத்துக் கதைப்பதில்லை.

அவரவர் தன்பாட்டில் போகிற அந்த இரண்டாவது கோடு தன்னுடையதுதான் என்று அவளுக்கு விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது, வீம்பும் விடவில்லை. ஆனாலும் மீன் நாறுவதை நினைத்துக்கொண்டு எழும்பினாள். பின்வரிசையில் இருந்த நூர்ஜஹானுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

“மிசினை எங்கட கரையில வைப்பமோ, உங்கட கரையில வைப்பமோ?”

நூர்ஜஹான் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அல்லாவே, இவளுக்கு வாய் திறக்க ஒரு மிசின் வேண்டியிருக்கு! எங்க வெயில் கூட விழுதோ அங்க வை.”

மாக்கிறட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் எதையும் சொல்வதற்குள் நூர்ஜஹான் விரலை நீட்டினாள்.

“ஆனா சாவி ரெண்டு வெட்டோணும், சொல்லிப்போட்டன்!”