அத்தைகள் துப்பிய குழாய்கள்

நபுக்கேரா கம்பாலாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி ஜீன் பரிசோதனை விற்றாள். கொஞ்சம் எச்சில் கொடுத்தால் போதும். மார்பகப் புற்றுநோய் உட்படப் பரம்பரையாக வரும் புற்றுநோய்களுக்கான எண்பது ஜீன்களை ஒரே மூச்சில் பார்த்துச் சொல்லும் தொகுப்பு அது. போட்டி நிறுவனங்கள் பாதி ஜீன்களைத்தான் பார்த்தன. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி விற்றாள்.

டாக்டர் கசுலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உங்க அம்மா மார்பகப் புற்றுநோய்லதான் போனாங்கன்னு சொன்னீங்க. நீங்க பாத்துக்கிட்டீங்களா?"

அவள் பார்த்துக்கொண்டதில்லை. அன்றே குழாயில் துப்பி அனுப்பினாள்.

ஒரு ஜீனில் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்தது. கெடுதலானதா என்று சொல்லத் தெரியவில்லை என்றும் போட்டிருந்தது. இதே பதில் மற்றவர்களுக்கு வந்தபோது, 'கவலைப்படாதீங்க' என்று சுலபமாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்த வார்த்தை அவளுக்கே எடுபடவில்லை. அறிக்கையோடு கசுலேயிடமே போனாள்.

"வெள்ளைக்காரங்க ஜீனைத்தான் நிறையப் படிச்சு வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்குத் 'தெரியல'ன்னு அடிக்கடி வரும்," என்றார் அவர். "இது அப்பா வழியில வந்ததா இருந்தா, அம்மா நோய்க்கு இது காரணமில்ல. அப்பா பக்கத்துல வயசாகியும் இந்த நோய் வராதவங்க இருக்காங்களா?"

மசாக்காவில் மூன்று அத்தைகள் இருந்தார்கள். சனிக்கிழமை குழாய்களோடு போய் இறங்கினாள். அடுப்பில் மட்டோகே வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது; பக்கத்தில் நிலக்கடலைக் குழம்பு.

"துப்பி முடிக்கிற வரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது அத்தை."

"வாசனை காட்டிப் பட்டினி போடறியே, நல்ல வியாபாரம்டி உன்னுது," என்றாள் மூத்தவள் ஜஸ்டின். "நம்ம வழக்கப்படி, புருஷனை எப்படி வச்சுக்கணும்னு அத்தை நான்தான் உனக்கு ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தேன். அதுக்குக் கைமாறா என் எச்சிலக் கேக்கறே."

சின்ன அத்தைக்கு வாய் வறண்டு துப்பவே வரவில்லை. ஜஸ்டின் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து அவள் மூக்கருகே பிழிந்தாள். குழாய் நிறைந்தது.

மூத்தவர்கள் இருவருக்கும் அதே மாற்றம் இருந்தது. ஜஸ்டினுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னும் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறாள். வேறு பரிசோதனைக் கூடங்களிலும் கசுலே விசாரித்தார். அங்கேயும் ஆரோக்கியமான ஆப்பிரிக்கர்கள் பலரிடம் அது இருந்தது. அவள் கம்பெனியில் அறிக்கையைத் திருத்தி, கெடுதல் இல்லாததாகவே தோன்றுகிறது என்று அனுப்பினார்கள்.

"அம்மாவுக்கு வந்ததால வருஷா வருஷம் ஸ்கேன் மட்டும் விட்றாதீங்க," என்றார் கசுலே.

நைரோபியிலிருந்த மேலதிகாரியை அவள் விடவில்லை. 'தெரியல' என்று பதில் வந்தால் குடும்பத்தாருக்கும் இலவசமாகப் பார்த்துத் தர வேண்டும் என்றாள். அவர் முனகினார்.

"வேற எந்தக் கம்பெனியும் இதைத் தரல சார். நாம தந்தா டாக்டருங்க நம்மகிட்டதான் வருவாங்க."

ஒரு மாதம் கழித்து ஒத்துக்கொண்டார். புது ஒப்பந்தத்தில் கசுலேயின் ஆஸ்பத்திரிதான் முதலில் கையெழுத்துப் போட்டது. நபுக்கேரா வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஜஸ்டினுக்கு போன் போட்டாள்.

"சர்ச்சுல சொல்லிட்டேன்டி," என்றாள் அத்தை. "எச்சில வச்சு ஆயுசு சொல்றாங்களாம்னு மாதர் சங்கமே வரிசைல நிக்குது. எப்ப வர்றே?"

அது அப்படியில்லை என்று விளக்கத் தொடங்கிய நபுக்கேரா, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததில் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.